சிகரெட்டைக் கைவிட மருந்து: இளையர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 30 வயதுக்குட்பட்டவர்கள் எழுதியவை. சிகரெட்டை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலர் மருந்தும் வாங்கியிருக்கிறார்கள். பாதியிலேயே கைவிட்டுவிட்டு, "எனக்கு மனவுறுதி போதாது" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். ஆனால் கடிதங்களில் உள்ள விவரம் வேறொன்றைச் சொல்கிறது. மருந்தின் அளவு போதவில்லை, அல்லது பயன்படுத்திய முறை தவறு, அல்லது சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். மூன்றுமே சரிசெய்யக்கூடியவை. புகைவிடு ஆலோசகர்களும் மருந்தாளர்களும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

வயது 24. தேசிய சேவைக் காலத்தில் பிடித்த பழக்கம். ஒரு நாளைக்கு 12 சிகரெட். எழுந்ததும் பல் துலக்குமுன் ஒன்று வேண்டும். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மூன்று நாள் மென்றேன். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். சிகரெட் ஆசையும் அடங்கவில்லை. எனக்கு இது ஒத்துவராதா?
*வாசகர், ஈசூன்*

ஒத்துவரும், தம்பி. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். மருந்து வாயில் தங்காமல் வயிற்றுக்குப் போயிருக்கிறது. இந்தச் சூயிங்கத்தில் உள்ள நிக்கோட்டின், அதாவது சிகரெட்டில் உங்கள் உடல் பழகிப்போன அந்தப் பொருள், கன்னத்தின் உட்பக்கத் தோல் வழியாக இரத்தத்தில் கலக்க வேண்டும். விழுங்கிவிட்டால் அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் முறித்துவிடும். போகிற வழியில் தொண்டையை எரித்து, வயிற்றைப் புரட்டி, விக்கலையும் கிளப்பிவிடும். விடாமல் மென்றால் எச்சில் ஊற ஊற எல்லாம் உள்ளே போகும். தொல்லை முழுதாக வந்து சேரும், பலன் மட்டும் வராது.

மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். மிளகைக் கடித்தாற்போன்ற காரமோ, சுருசுருவென்ற உணர்வோ வந்ததும் நிறுத்துங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்தக் காரம் தணியும். மறுபடி சில தடவை மென்று, இம்முறை மறுபக்கத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசும் பாட்டிமாரைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும்.

அடுத்தது காப்பி. நிக்கோட்டின் வாயில் உறிஞ்சப்படுவதற்கு எச்சிலின் அமிலத்தன்மை குறைவாக இருக்க வேண்டும். காப்பி, ஆரஞ்சுச் சாறு, கோலா போன்றவை அதைக் கூட்டிவிடும். காப்பிக்கடையில் ஒரு வாய் காப்பி, ஒரு மெல்லு என்று போனால் மருந்து இறங்கவே இறங்காது. சூயிங்கத்தை வாயில் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, அது வாயில் இருக்கும் நேரம் முழுவதும், தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இப்போது அளவு. எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம்தான் சரி. 2 மில்லிகிராம், அதற்குப் பின் தொடங்குபவர்களுக்கு. எத்தனை சிகரெட் என்பதைவிட முதல் சிகரெட் எப்போது என்பதுதான் உடல் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைக் காட்டும். நீங்கள் குறைந்த வலுவை வாங்கி, அதிலும் பாதியை விழுங்கியிருக்கிறீர்கள். ஆசை அடங்காததில் வியப்பில்லை.

முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்பதுக்குக் குறைய வேண்டாம், 24ஐத் தாண்டவும் கூடாது. ஏழாவது வாரத்திலிருந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பத்தாவது வாரத்திலிருந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்தலாம். ஆசை வந்த பிறகு தேடுவதைவிட நேரம் பார்த்துப் போட்டுக்கொள்வது நல்லது. சிகரெட்டின் நிக்கோட்டின் 10, 20 விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கத்துக்குப் பல நிமிடங்கள் வேண்டும்.

பல்லில் கம்பி போட்டிருப்பவர்களும் தாடை வலி உள்ளவர்களும் சப்பும் மாத்திரையைக் கேளுங்கள். அதே 2, 4 மில்லிகிராம் கணக்குதான். கடிக்கவும் விழுங்கவும் கூடாது, கரையவிட வேண்டும்.

சூயிங்கம் விற்பனை 1992 முதல் தடைசெய்யப்பட்ட நாடு நம் சிங்கப்பூர். மருத்துவப் பயனுள்ள வகைகளுக்கு 2004இல் விலக்குக் கிடைத்தது. ஆகவே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் காசு கட்டும் பொருள் அல்ல இது. மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காதீர்கள். முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இதயக் கோளாறு உண்டா என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கப்பல் பட்டறையில் வேலை, வயது 28. தினமும் ஒரு பெட்டி. நிக்கோட்டின் பேட்ச் ஒட்டுகிறேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் உரிந்துவிடுகிறது. இரவில் ஏதேதோ கனவு. ஒட்டியிருக்கும்போதும் சாப்பிட்டு முடித்ததும் கை சட்டைப்பையைத் தேடுகிறது. பேட்சும் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஆபத்து என்கிறான் அறை நண்பன். உண்மையா?
*வாசகர், ஜூரோங் வெஸ்ட்*

உரிவதற்கு முதல் காரணம் வியர்வை என்றாலும், ஒட்டும்போது தோல் இருக்கும் நிலைதான் பெரும்பாலும் சிக்கல். குளித்த கையோடு ஈரத் தோலில் ஒட்டினால் நிற்காது. எண்ணெய், பவுடர், லோஷன் பட்ட இடத்திலும் நிற்காது. குளித்து, துவட்டி, மின்விசிறிக்குக் கீழே சற்று உட்கார்ந்து, உடல் சூடு தணிந்த பிறகு ஒட்டுங்கள். மேற்கையின் வெளிப்பக்கம், மார்பின் மேற்பகுதி, இடுப்பு ஆகியவை ஏற்ற இடங்கள். ரோமம் இருந்தால் கத்தரிக்கோலால் நறுக்குங்கள்; சவரம் செய்த உடனே ஒட்டினால் எரியும். உள்ளங்கையால் 10 முதல் 20 விநாடி அழுத்திப் பிடித்து, ஓரங்களை விரலால் நீவுங்கள். பாதுகாப்பு உடையின் பட்டையோ வாரோ உரசும் இடம் வேண்டாம். அப்படியும் ஓரம் கிளம்பினால் மருந்துக்கடையில் விற்கும் மருத்துவ ஒட்டுநாடாவை ஓரங்களில் ஒட்டலாம். முழுதாக உரிந்துவிட்டால் புதியதை வேறிடத்தில் ஒட்டி, வழக்கமான நேரத்துக்கு எடுத்துவிடுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள், ஒரே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். ஒட்டிய ஒரு மணி நேரம் லேசாக அரிப்பது இயல்பு. தடித்து, சிவந்து, நாள்கணக்கில் நின்றால் எடுத்துவிட்டு மருந்தாளரிடம் காட்டுங்கள்.

கனவுக்குக் காரணம் இரவிலும் இறங்கிக்கொண்டிருக்கும் நிக்கோட்டின். 24 மணி நேரப் பேட்ச் என்றால் படுக்கும்முன் எடுத்துவிடலாம். அப்படி எடுத்தால் விடியற்காலையில் உடலில் நிக்கோட்டின் குறைவாக இருக்கும்; புதிய பேட்ச் வேலை காட்டச் சில மணி நேரமாகும். அந்த இடைவெளியில்தான் பலர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிடுகிறார்கள். எழுந்ததும் பேட்சை ஒட்டிவிட்டு உடனே ஒரு சூயிங்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்னது தவறு. பேட்சோடு சூயிங்கமோ சப்பும் மாத்திரையோ சேர்ப்பது ஆபத்தான விளையாட்டு அல்ல. மருத்துவர்களே பரிந்துரைக்கும் முறை. ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டையும் சேர்க்கும்போது சிகரெட்டை விடுபவர்கள் அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. பேட்ச் நாள் முழுவதும் ஒரே சீராகத் தருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகும், மேற்பார்வையாளர் திட்டிய பிறகும் குபீரென்று எழும் ஆசையை அதனால் சமாளிக்க முடியாது. அதற்குத்தான் சூயிங்கம். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது 1 முதல் 2 மில்லிகிராம் நிக்கோட்டின். 20 சிகரெட் என்றால் 20 முதல் 40. ஒரு பேட்ச் தருவது 21. அதற்கு மேல் சில சூயிங்கம் சேர்ந்தாலும் உங்கள் உடல் ஏற்கெனவே பழகிய அளவுக்குள்தான் இருக்கும். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும் பேட்சை எடுத்துவிட்டு, தோலைத் தண்ணீரால் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

கால அளவை விட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர் 24 மணி நேர வகையில் 21 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், கடைசியாக 7 இரண்டு வாரம். பத்தும் அதற்குக் குறைவும் பிடிப்பவர் 14இல் ஆறு வாரம், 7இல் இரண்டு வாரம். 16 மணி நேர வகையின் எண்கள் 25, 15, 10 என்று வேறாக இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "இப்போதுதான் ஆசையே வரவில்லையே" என்று மூன்றாவது வாரம் நிறுத்துபவர்கள் ஏராளம். ஆசை வராமல் வைத்திருந்தது அந்தப் பேட்ச்தான்.

கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குப்பையில் போடுங்கள். அதில் மீதமிருக்கும் நிக்கோட்டின் குழந்தைகளுக்கு ஆபத்து.

வெள்ளி, சனி இரவுகளில் தோழிகளோடு இருக்கும்போது மட்டும் நாலைந்து பிடிப்பேன். மற்ற நாள்களில் நினைப்பே வராது. எனக்கு மருந்து தேவையில்லைதானே? வயது 22.
*வாசகி, பொங்கோல்*

பேட்ச் தேவையில்லை. தினமும் பிடிக்காதவருக்கு 24 மணி நேரமும் நிக்கோட்டின் ஏற்றுவதில் பொருளில்லை. ஆனால் "நினைப்பே வராது" என்பதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அதே தோழிகள், அதே இடம், ஒரு சிகரெட்கூட இல்லாமல் அடுத்தடுத்து நான்கு வாரம். இயல்பாக முடிந்தால் அப்படியே விட்டுவிடலாம். சிடுசிடுப்பும் தவிப்பும் வந்தால், வாரம் இரண்டு நாள் பிடித்தாலும் உடல் பழகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இரவுகளுக்கு மட்டும் 2 மில்லிகிராம் சப்பும் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். போனதும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மது கூடச் சேர்ந்தால் பிடிவாதம் தளரும் என்பதால், முதல் சில வாரங்கள் மது இல்லாத இடமாகப் பாருங்கள். ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் 2019 ஜனவரி முதல் புகையற்ற பகுதி. பிடிக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய இடம்வரை நடக்க வேண்டும். அந்த நடை நீளமாக இருக்கும் இடத்தில் சந்தித்தால், பாதி ஆசை போகும் வழியிலேயே அடங்கிவிடும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு 19 வயது. சட்டையில் சிகரெட் வாடை. கேட்டால் கோபப்படுகிறான். அவனுக்குத் தெரியாமல் நிக்கோட்டின் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமா? விட மனமில்லாதவனுக்கு மருந்து வேலை செய்யுமா?
*ஒரு தாய், தெம்பனிஸ்*

வேண்டாம் அம்மா. தெரியாமல் கொடுப்பது ஆபத்து. அவன் எவ்வளவு பிடிக்கிறான் என்று தெரியாமல் அளவை முடிவு செய்யவும் முடியாது. தெரிந்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் அவன் காதில் ஏறாது.

2021 ஜனவரி 1 முதல் புகைபிடிக்கச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச வயது 21. வெளியில் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் பல இளையர் உதவி கேட்பதே இல்லை. விடுவதற்கு உதவி கேட்பவரை ஆலோசகர் திட்டப்போவதில்லை என்பதை அவனிடம் முதலில் சொல்லுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் புகைவிடு தொலைபேசி எண் 1800 438 2000. வாரியத்தின் 'ஐ குவிட்' என்னும் 28 நாள் திட்டத்தில் அவனே பதிந்துகொள்ளலாம். பலதுறை மருந்தகங்களிலும் ஆலோசனை உண்டு. உங்களோடு வர வெட்கப்பட்டால் தனியே போகட்டும்.

பேசும்போது "ஏன் பிடிக்கிறாய்?" என்று தொடங்காதீர்கள். "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. மருந்தின் அளவுக்கும் அந்தப் பதில்தான் தேவை. விட ஒப்புக்கொண்டால் முதல் வாரம் வீட்டில் கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டியிருக்கும். எரிச்சல், தூக்கக் குறைவு, கவனம் சிதறல், அடங்காத பசி எல்லாம் முதல் சில நாள்களில் உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். தேர்வு வாரத்தில் விடும் நாளைக் குறிக்காதீர்கள். வீட்டில் பெரியவர் யாராவது புகைப்பவராக இருந்தால், அவரும் அதே நாளில் தொடங்குவதைவிடப் பெரிய உதவி வேறில்லை. "இன்றைக்குப் பிடித்தாயா?" என்று தினமும் கேட்காதீர்கள். பொய் சொல்லத்தான் பழகுவான்.

மனமில்லாதவனுக்கு மருந்து மனத்தைத் தராது. ஆனால் பலருக்கு மனம் இருக்கிறது, முன்பு பட்ட அவதிதான் தடுக்கிறது. அந்த அவதியை மருந்து குறைக்கும் என்று தெரிந்தாலே சிலர் சம்மதிக்கிறார்கள்.

சிகரெட்டை நிறுத்த உதவும் வெரனிக்ளின் மாத்திரையைச் சாப்பிட்டால் மனநிலை கெட்டுவிடும் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?
*வாசகர், உட்லண்ட்ஸ்*

அந்த அச்சம் ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாகவே இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அட்டையில் கடும் எச்சரிக்கை போட வைத்தது. 8,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. மனநோய் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரையோடும் பேட்சோடும் ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆனாலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து இல்லாமல் விடும்போதும் மனநிலை ஆட்டம் காணும்.

வெரனிக்ளின் மூளையில் நிக்கோட்டின் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, ஆசையைத் தணிக்கும். சிகரெட் பிடித்தாலும் பழைய இன்பம் கிடைக்காமல் செய்யும். மருத்துவர் சீட்டு வேண்டும். முதல் மூன்று நாள் 0.5 மில்லிகிராம் ஒருவேளை, நான்காம் நாள் முதல் ஏழாம் நாள்வரை 0.5 இருவேளை, எட்டாம் நாள் முதல் 1 மில்லிகிராம் இருவேளை, மொத்தம் 12 வாரம். சிகரெட்டை நிறுத்துவது எட்டாம் நாளில். குமட்டல்தான் அதிகம் வரும் தொல்லை. வெறும் வயிற்றில் போடுவதே பெரும்பாலும் காரணம். சாப்பிட்ட பிறகு ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். இரவுவேளை மாத்திரையைச் சாயங்காலச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டால் கனவுத் தொல்லை குறையும்.

புப்ரோப்பியான் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. வலிப்பு வந்தவர்களும் உணவுப் பழக்கக் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

நான் சிகரெட் பிடிப்பதில்லை, மின்சிகரெட்தான். உதவி கேட்டால் பிடித்துக்கொடுத்துவிடுவார்களா?
*பெயர் வேண்டாம், சுவா சூ காங்*

2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சிங்கப்பூரில் குற்றம். 2025 செப்டம்பரில் தண்டனைகள் கடுமையாயின. ஆனால் பிடிபடுவதற்கு முன் தாமாக முன்வந்து உதவி நாடுபவர்மீது தண்டனை இல்லை என்று அரசாங்கமே அறிவித்திருக்கிறது. மேலே கொடுத்த அதே எண்ணுக்கு அழையுங்கள். கேபாட் எனப்படும் எட்டோமிடேட் கலந்தவற்றை இழுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எட்டோமிடேட் ஒரு மயக்க மருந்து. அதற்கு நிக்கோட்டின் பேட்ச் பயன்படாது, வேறு சிகிச்சை வேண்டும்.

சிகரெட்டை நிறுத்தி ஒரு வாரம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் இல்லை. பேட்ச் அளவு அதிகமா?
*வாசகர், பிடோக்*

இருக்கலாம். முதலில், ஒரு நாளைக்கு எத்தனை காப்பி என்று எண்ணுங்கள். புகையிலைப் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் கஃபீனை வேகமாக முறிக்க வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, முன்பு குடித்த அதே மூன்று கோப்பிஓ (பாலில்லாக் காப்பி) இப்போது இரத்தத்தில் நெடுநேரம் தங்கும். பேட்ச் இதை ஈடுசெய்யாது. ஏனென்றால் கல்லீரலைத் தூண்டுவது நிக்கோட்டின் அல்ல, புகை. காப்பியைப் பாதியாகக் குறையுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம். பலர் இந்தப் படபடப்பை "சிகரெட் கேட்கிறது" என்று எண்ணி மீண்டும் பற்றவைக்கிறார்கள். மனநோய்க்கான குளோசபைன், ஒலன்சபைன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இதே மாற்றம் நிகழும் என்பதால், விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காப்பியைக் குறைத்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் பேட்ச் அளவை மருந்தாளரோடு பேசிக் குறைக்கலாம்.

ஐந்து வாரம் தொடாமல் இருந்தேன். உறவினர் திருமணத்தில் இரண்டு பிடித்துவிட்டேன். பேட்சைக் கழற்றி எறிந்துவிட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
*வாசகர், செங்காங்*

வேண்டாம். பேட்சைக் கழற்றியதுதான் அந்த இரண்டு சிகரெட்டைவிடப் பெரிய இழப்பு. பேட்ச் இருக்கும்போது ஓரிரு சிகரெட் பிடித்தால் கொஞ்சம் குமட்டலாம், அவ்வளவுதான். அதற்காக மருந்தை நிறுத்தினால் மறுநாள் காலை நிக்கோட்டின் மொத்தமாக வற்றி, மூன்றாவது சிகரெட்டும் வந்து சேரும். நாளைக் காலை அதே வலுவில் புதியதை ஒட்டுங்கள். ஐந்தாம் வாரம் ஐந்தாம் வாரமாகவே இருக்கட்டும்.

அன்று இரவு சூயிங்கம் கையில் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த விருந்துக்குப் போகும்முன் சட்டைப்பையில் ஆறு போட்டுக்கொள்ளுங்கள், மண்டபத்துக்குள் நுழையும்போதே ஒன்று. வெளியே புகைக்கும் மச்சான்மாரோடு போய் நிற்பது பழக்கமென்றால், விட்டிருப்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு சிகரெட் தினமும் என்று ஆகிவிட்டால் மட்டும் ஆலோசகரை அழைத்து, புதிய தேதி ஒன்றைக் குறித்து, பேட்சோடு சூயிங்கத்தையும் சேர்த்துத் தொடங்குங்கள்.